பின்னால் யாரும் இல்லை

கீழக்காலனி,
மேலப்புளியங்குடி,
3.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வாணி எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். அண்ணியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அப்பா வேலை எடுத்திருக்கிற புது வீட்டில், கான்கிரீட் போட அடியில் கொடுக்கிற அவருடைய சென்ட்ரிங் தகடு இருபத்திரண்டு திருடு போய்விட்டது. ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். எங்களுக்கு முன்னால் வந்த அரிசி மில்காரருக்கு, "வாங்கண்ணே, உக்காருங்க." அப்பாவுக்கு, "ஏய், என்ன? எந்தத் தெரு நீ?" தெருப் பெயரைச் சொன்னதும் எஸ்.ஐ. சிரித்தார். "நீயே வித்துக் குடிச்சிட்டு இங்க வந்து நிக்கிறியா? போடா." அறுபத்தாறு வயது மனிதர். ஒரு நாள் குடித்ததில்லை. "சரிங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். எஸ்.ஐ. மனுவைக் கையில்கூட வாங்கவில்லை.

தகடு போனால் போகட்டும். அந்தக் கும்பிடுதான் என்னால் தாங்க முடியவில்லை. டி.எஸ்.பி. அலுவலகத்தில் எஸ்.ஐ. மேல் மனுக் கொடுத்துவிட்டேன். 14ஆம் தேதி விசாரணை. நீயும் போலீஸ்காரன் என்பதால் தெரிவிக்கிறேன். அனுமதி கேட்கவில்லை.

உன் தங்கை,
தமிழ்வாணி


7.2.2025

அன்புத் தங்கைக்கு,

நல்லவேளை வாட்ஸப்பில் அனுப்பாமல் விட்டாய். யாராவது பார்த்துப் பரப்பிவிடுவார்கள். இதையும் படித்ததும் கிழித்துப் போடு.

அந்த எஸ்.ஐ. என் பேட்ச் நண்பனுக்கு மச்சான். நேற்றே போன் வந்துவிட்டது. "என்ன மாப்ள, ஒந் தங்கச்சி நம்ம ஆளு மேலயே மனுக் குடுத்துருக்காமே?" அடுத்த மாதம் ஏட்டு பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. நம்ம டிபார்ட்மெண்ட்டில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம், வாணி. நாள் முழுக்கத் திருடனோடு பேசுகிற வாய். நம்ம டிபார்ட்மெண்ட்டைப் பகைத்துக்கொண்டு ஊரில் இருக்க முடியாது.

மாசிக் கடைசியில் பாப்பாவுக்குக் காதுகுத்து. அத்தையாக நீ வந்து நிற்க வேண்டும் என்றால் பதினாலுக்குள் மனுவை வாபஸ் வாங்கு.

ம. தமிழ்மாறன்,
முதல்நிலைக் காவலர்


கீழக்காலனி,
10.2.2025

அண்ணனுக்கு,

கிழிக்கவில்லை. 'நம்ம டிபார்ட்மெண்ட்' இரண்டு இடத்தில் வருகிறது. 'நம்ம அப்பா' ஓர் இடத்திலும் இல்லை.

எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவீர்களா? அப்படியானால் அந்த மில்காரர் உங்களுக்கு என்ன, மாமனாரா?

மனுவில் என்னையும் சேர்த்துத் தெருக்காரர்கள் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கனகா அக்கா போட்டுவிட்டு, "எனக்கும் இதே கததான் வாணி. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றது. ஒவ்வொருவரும் தன்னிடம்தான் ஏதோ குறை என்று இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இப்போது பதினொரு பேரும் ஒன்றாக உட்கார்ந்து திட்டுகிறோம். நன்றாக இருக்கிறது.

வாபஸ் வாங்க மாட்டேன். காதுகுத்துக்குக் கூப்பிடாவிட்டால் போ. பாப்பாவுக்கு எடுத்த பாவாடையைத் தபாலில் அனுப்புகிறேன்.

தமிழ்வாணி


கீழக்காலனி,
15.2.2025

அண்ணனுக்கு,

நீ பதில் போடவில்லை. இருந்தாலும் இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நேற்று டி.எஸ்.பி. அம்மா எழுந்து, "வாங்கய்யா, உட்காருங்க" என்றார். அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார். வேறு யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். பின்னால் யாரும் இல்லை, அண்ணா. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. "உங்களத்தாங்கய்யா" என்று அந்த அம்மா மறுபடி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

அப்பா சொன்னதை அந்த அம்மா முழுதாகக் கேட்டார். எஸ்.ஐ. சொன்னதையும் கேட்டார். முடிவில் எஸ்.ஐ.க்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு, அவ்வளவுதான். தகடும் கிடைக்கவில்லை. எனக்கு எரிச்சல்தான். ஆனால் மனு ரசீதில் 'திரு. மருது' என்று எழுதியிருந்தது. பஸ்ஸில் வரும்போது அப்பா அதை மூன்று தடவை எடுத்துப் பார்த்தார்.

இன்று ரேஷன் கடையில் ஒருவன், "யோவ் பெருசு, தள்ளு" என்றான். அப்பா நகரவில்லை. "பேரு மருதுங்க. பேரச் சொல்லிக் கூப்புடுங்க" என்றார். நம் அப்பாதானா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

எஸ்.பி.க்கு மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் நண்பனிடம் சொல்லிவிடு.

தமிழ்வாணி


22.2.2025

வாணிக்கு,

முந்தாநாள் ஆடு காணோம் என்று ஒரு பெரியவர் ஸ்டேஷனுக்கு வந்தார். 'என்னடா' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. "உட்காருங்கய்யா" என்றேன்.

அவரும் திரும்பிப் பார்த்தார், வாணி.

பன்னிரண்டு வருடமாக இந்த மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். இங்கே எவனாவது ஊர் கேட்டால் 'மதுரை' என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். தெருவைச் சொன்னதே இல்லை. நேற்று நண்பன் மறுபடி போன் போட்டு 'நம்ம ஆளு' என்று ஆரம்பித்தான். "அவரு போடான்னு சொன்னது எங்கப்பாவ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பட்டியலில் பெயர் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

மேல்முறையீட்டில் பன்னிரண்டாவது கையெழுத்துக்கு இடம் விட்டு வை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாரேன். பாவாடை பாப்பாவுக்கு அளவாக இருக்கிறது. காதுகுத்துப் பத்திரிகையும் இத்துடன் இருக்கிறது. அழைப்பவர் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று அப்பாவிடம் காட்டிக் கேள்.

திரு. மருது மகன்
தமிழ்மாறன்,
கீழக்காலனி