இருபத்தொரு சடை

என்னங்க,

ஏழாம் வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு நம் வாயாடி வெறித்துப் பார்ப்பாளே, அது திமிர் இல்லையாம். மூளை அலையைப் பதிவுசெய்து பார்த்ததில் தெரிந்துவிட்டது.

தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். "அம்மா, எனக்கு இருபத்தொரு சடை!" என்று ஒரே கும்மாளம். பதிவெடுக்கும் அக்கா ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, "விடாம ஊது கண்ணு" என்றார். கன்னம் உப்ப ஊதினாள். திடீரென்று காற்றாடி நின்றது. கண் திறந்திருக்கிறது, ஆள் அங்கே இல்லை. வழக்கம்போல அதட்ட வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்துத் திரையைக் காட்டினார். அதுவரை சிறு நெளிவாக ஓடிய கோடுகளெல்லாம் ஒன்றாக எகிறிக் குதித்தன. பத்து விநாடியில் அடங்கின. காற்றாடி மறுபடி சுற்றியது. நடுவே நின்றதே அவளுக்குத் தெரியாது.

"இதுவும் ஒரு வகை வலிப்புதான். மாத்திரைக்கு நல்லாக் கேக்கும்" என்றார் டாக்டர். வலிப்பு என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாத்திரை தொடங்கி ஒரு மாதம். நேற்று ஏழாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நீங்கள் கப்பலுக்குக் கிளம்பிய அன்று திமிர் என்று அவளை நிற்கவைத்தோமே, அந்த மூலையில் போய் நான் நின்றேன். அரை நிமிடத்தில் இழுத்து வந்துவிட்டாள்.

"அப்பா வந்தா அவரு எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "அப்பா தூரத்துலேர்ந்து வர்றாருல்ல, களைச்சுப் போயிருப்பாரு. உக்காந்துக்கட்டும்."

மூலையிலிருந்து விடுதலையான,
உங்கள் மனைவி