கசந்துபோன பிராந்தி

இன்று காலை பழைய பஸ் ஸ்டாண்ட் வாசலில் காய்ச்சலுக்காக நிலவேம்புக் கசாயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்க, நான் இரண்டாவது டம்ளர் கேட்டேன். ஊற்றிய பெண், "அண்ணாச்சி, இது பாயாசம் இல்ல" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீ போய் ஒரு வருஷமாகிறது, அதனால் எழுதுகிறேன்.

என்ன, மனநல டாக்டரே! பள்ளியில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதிய பயல், கடைசியில் என் மண்டைக்குள்ளேயே கைவைத்துவிட்டாயே.

துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் டக் போட் ஓட்டுகிற நான், கரையேறினால் நேரே பிராந்திக் கடைக்குத்தான். அப்போது மகளுக்குப் பதினாறு வயது. டியூஷனுக்குக் கூட்டிப்போக வண்டியை எடுத்தால், "நான் டவுன் பஸ்ல போய்க்கிடுதேன்" என்பாள். குடித்துவிட்டு ஓட்டி, அவளோடு உப்பளத்துப் பாத்திக்குள் விழுந்தவன் நான். அவள் சொன்னது நியாயம். ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும் பெற்ற மகளைத் தாண்டி வெறும் பின்சீட்டோடு போவதைவிடக் கேவலம் உண்டா?

ஆஸ்பத்திரியில் கிடந்து உடம்பிலிருந்து போதையை இறக்கினேன். கடைத் தெருவை விட்டேன், கூட்டாளிகளை விட்டேன். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதினால் நாக்கு ஊறும், மறுபடியும் தொபுக்கடீர். இரண்டு தடவை இப்படி ஆனதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே, நீ கடைய விட்டு ஓடுத. கடை உன் ஞாபகத்துக்குள்ளல்லா இருக்கு. அதக் கூப்பிடு, உக்கார வச்சுப் பேசுவோம்."

உன் அறை மேசைமேல் ஒரு கிளாஸ் பிராந்தி இருந்தது. எனக்கு வேர்த்தது. "இந்த ருசி உனக்கு எங்க பழகிச்சு? சொல்லு" என்றாய். சொன்னேன். கொட்டுகிற மழையில் முதல்முதலாக ஒரு பெரிய கப்பலை இழுத்துவந்து, சரக்கு இறக்கும் பெர்த்தில் அணைத்த நாள். கூட்டாளிகள் முதுகில் தட்டி நீட்டிய கிளாஸ். அன்று நான்தான் ராஜா. சொல்லச் சொல்ல வாய் ஊறியது.

"எடு" என்றாய். உதட்டுக்குக் கொண்டுபோனேன். "நிறுத்து!" என்று பிடுங்கிக்கொண்டு, நிலவேம்புக் கசாயத்தை நீட்டினாய். அட பாவி! குடலே வெளியே வந்துவிடும்போல் இருந்தது. கெட்ட வார்த்தையில் திட்டினேன். நீ பல்லைக் காட்டினாய்.

"கருப்பட்டியத் திரும்பக் காய்ச்சினா இளகும்லா? ஞாபகமும் எடுத்தா கொஞ்ச நேரம் அப்படித்தான் கெடக்கும்னு சொல்லுதாங்க. ஆறுறதுக்குள்ள சுக்கப் போட்டுரணும். எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். உனக்குக் கேக்கணும்லே."

அடுத்தடுத்த வாரங்களில் வேறு வேறு நினைவு. எப்போது பிடுங்குவாய் என்றே தெரியாது. மெல்ல மெல்ல ஒன்று நடந்தது. அந்த மழையும் கப்பலும் என் கெத்தும் அப்படியே இருந்தன, பிராந்தி மட்டும் சப்பென்று போனது. சங்கு ஊதினால் பசிதான் எடுத்தது! மகள் மட்டும் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு தடவை ஏமாந்தவள், சும்மா நம்புவாளா?

பிறகு நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய்.

உன் வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் பழைய கூட்டாளிகள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "உயிர்ச் சிநேகிதன் போயிட்டான். இன்னைக்குமா குடிக்க மாட்ட?" என்று கையில் கிளாஸைத் திணித்தார்கள். எனக்கே பயமாகத்தான் இருந்தது. வேண்டுமென்றே முகர்ந்து பார்த்தேன். நாக்கு அசையவில்லை. நீ பல்லைக் காட்டியதுதான் கண்ணுக்குள் வந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, குடிக்காத வாயால் உனக்காக ஓவென்று அழுதேன்.

திரும்பினால் மகள் நிற்கிறாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர் மாமாவ எடுக்கப் போறாங்க. வண்டிய எடுங்கப்பா, நானும் வாரேன்" என்றாள்.

கல்லறைத் தோட்டம்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்தக் கையின் கனம் இன்னும் தோளிலேயே இருக்கிறது. மன்னிச்சிருலே, உன்னைப் புதைக்கப் போன வழியில் நான் ஜெயித்தவனாகப் போனேன்.