கடலுக்குச் சொல்லாத செய்தி

2025 ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. முதல் நாளே எட்டாம் வகுப்பில் ஒருத்தி எழுந்து, "மிஸ், பெட்ரோலும் காஸும் எப்ப தீரும்?" என்றாள். அறிவியல் டீச்சர் என்றால் தேதி தெரிந்திருக்க வேண்டும்போல. எங்கள் வீட்டில் மார்ச் 31-ஆம் தேதியே தீர்ந்துவிட்டது என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

மும்பைக்கு அப்பால் நடுக்கடலில் நிற்கிற காஸ் மேடையை அன்றைக்குத்தான் மூடினார்கள். கிளெமென்டுக்கு அங்கே இருபத்தொரு வருஷம். பதினாலு நாள் கடலில், பதினாலு நாள் பெங்களூரில், காக்ஸ் டவுன் வீட்டில். கிணறு வற்றிவிட்டது, இனி கட்டுப்படியாகாது என்று கைவிட்டார்கள். இப்போது மாரத்தஹள்ளியில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, சித்ரதுர்காவில் சுற்றுகிற காற்றாலைகளைத் திரையில் பார்த்துக்கொள்கிறார். காலையில் டிபன் பாக்ஸோடு போய்ச் சாயங்காலம் திரும்பி வருகிறார். ஐம்பத்திரண்டு வயசில் என் புருஷன் எனக்கு மாதம் முழுக்கக் கிடைத்திருக்கிறார். காற்றாலை பூமிக்கு நல்லது என்கிறார்கள். எனக்கு நல்லது, அது போதும்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து என் அண்ணன் ஓஸ்வால்ட் வீட்டுக்கு வந்தார். டீ, வடை, வாக்குவாதம். கிளெமென்ட்தான் ஆரம்பித்தார்.

"காத்து மட்டும் போதும்னா எப்படி மச்சான்? சாயங்காலம் அது படுத்துக்கிச்சுன்னா எங்க காஸ்தான் எரியணும். இன்னும் ரொம்ப வருஷத்துக்கு ரெண்டும் வேணும்."

"அப்புறம் உன்னை ஏன் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க?"

"என் தங்கச்சியைப் பாத்துக்கோன்னு நீங்கதானே கம்பெனிக்கு லெட்டர் போட்டீங்க!"

சிரித்துச் சிரித்து நிக்கோலுக்குப் புரையேறிவிட்டது. காலேஜ் போகிற பெண், அப்பாவும் மாமாவும் உட்கார்ந்துவிட்டால் இடத்தை விட்டு நகரமாட்டாள்.

ஏப்ரலில், மேடையை மூடி வந்த பதினைந்தாம் நாள் காலையில் கிளெமென்ட் எழுந்து பழக்கதோஷத்தில் பையில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டார். "சார் எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் திருதிருவென்று முழித்தார். அப்புறம் அடுக்கின துணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஜூலை 9, புதன்

சில்வெஸ்டர் போன் செய்தார். மேடையில் கூட வேலை பார்த்தவர். மறுபடி திறக்கிறார்களாம். காஸ் தேவை குறைகிற வழியாக இல்லை, பக்கத்திலேயே ரெண்டு புதுக் கிணறு தோண்டி இன்னும் எட்டு வருஷம் ஓட்டப்போகிறார்களாம். பழைய ஆட்களைக் கூப்பிடுகிறார்கள்.

"நான் வரல சில்வெஸ்டர். வேற ஆளைப் பாருங்க. நான் இப்பதான் என் வீட்ல குடித்தனம் வந்திருக்கேன்."

நான் சமையலறைக்குள் போய்ப் புளியைக் கரைத்தேன். ரசம் எல்லாம் வைக்கிற எண்ணமே இல்லை. அழுகிற முகத்தை வைத்துக்கொண்டு வேறு எங்கே நிற்பது?

ஜூலை 22, செவ்வாய்

புதுக் கம்பெனி மருத்துவ இன்ஷூரன்ஸ் ஃபாரம் கொடுத்திருக்கிறது. வீட்டில் யாருக்கு என்ன ஆபரேஷன், எந்த வருஷம் என்று கேட்கிறார்கள். நானே நிரப்பித் தருகிறேன் என்றேன்.

ஜூலை 24, வியாழன்

அவரே நிரப்ப உட்கார்ந்துவிட்டார். நான் ஸ்கூலிலிருந்து வரும்போது சாப்பாட்டு மேஜையில் என் ஆஸ்பத்திரி ஃபைல் திறந்து கிடந்தது.

"உனக்கு அப்பெண்டிக்ஸ் எடுத்த வருஷத்தைப் பாக்கத்தான் எடுத்தேன் சோஃபி."

அப்பெண்டிக்ஸ் இல்லை. 2011 ஆகஸ்ட். அவர் கடலுக்குப் போன ஐந்தாம் நாள் எனக்குத் தெரிந்தது, நிக்கோலுக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்று. போனில் சொல்ல மனசில்லை, முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆசை. பதினோராம் நாள் கரு குழாயிலேயே வெடித்துவிட்டது. அண்ணன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார், அவர்தான் கையெழுத்துப் போட்டார். இன்னொரு குழாயும் பழுது, இனி குழந்தை நிற்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார்.

கிளெமென்டுக்கு நாங்கள் சொல்லவில்லை. மேடையில் வேலை செய்கிறவர்களின் பெண்டாட்டிகளுக்கு ஒரு சட்டம் உண்டு. கல்யாணமான புதிதில் சில்வெஸ்டர் மனைவி மௌரீன் அக்கா என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "கெட்ட சேதி எதுவும் கடலுக்குப் போகக்கூடாதும்மா. மெஷின் பக்கத்துல நிக்கிறவங்க. ஒரு நிமிஷம் மனசு கலைஞ்சா கை போயிடும், உயிரே போயிடும்." காய்ச்சலா, சாவா, எதுவாக இருந்தாலும் அவர்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

வந்த பிறகு சொல்லியிருக்கலாம். தழும்பைப் பார்த்து என்ன என்றார். அப்பெண்டிக்ஸ் என்றேன். பதினாலு நாள்தானே இருக்கப்போகிறார், அதை ஏன் அழவைத்துக் கெடுக்க வேண்டும்? அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம். அடுத்த தடவையும் பதினாலு நாள்தான். இப்படியே பதினாலு வருஷம் ஓடிவிட்டது.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ரெண்டாவது கொழந்தைக்காக வேளாங்கண்ணிக்கு நடந்தே போனேன். எனக்குக் கிடைக்கிற பதினாலு நாள்ல பதினோரு நாள் நடந்தேன். கால்ல கொப்புளம். நீதானே பையில எலக்ட்ரால் வெச்சுக் குடுத்த? அப்பவும் உனக்குத் தெரியும்ல?"

தெரியும். தெரிஞ்சுதான் வெச்சுக் குடுத்தேன். என்ன பொம்பள நான்?

ஜூலை 27, ஞாயிறு

பூசைக்கு வந்தார். அண்ணனைப் பார்த்ததும் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பேசுகிறார். "உப்பு குடு", "காஸ்காரன் வந்தானா", "கதவைச் சாத்து" எல்லாம் பேசுகிறார். இன்றைக்குத் துணி மடித்துக்கொண்டே கேட்டார்: "வேற என்னவெல்லாம் சொல்லல?"

யோசித்துப் பார்த்தேன். நிக்கோல் படிக்கட்டில் விழுந்து தலையில் தையல் போட்டது. எங்க அம்மா சாகும்போது கடைசியாக அவரைக் கேட்டது. என் ஸ்கூலில் என்னை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் குறுகிக்கொண்டே போனார். நிறுத்தியிருக்க வேண்டும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியே தீர்த்தேன், டீச்சர் புத்தி.

"இருபத்தொரு வருஷம் இந்த வீட்டுக்கு நான் விருந்தாளியாத்தான் வந்திருக்கேன்," என்றார். "நீ கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சு அனுப்பிட்டே."

இல்லைங்க. உங்களுக்காகத்தானே. உங்க கைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானே — இதையெல்லாம் இங்கே எழுதி என்ன பிரயோசனம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அவரே சில்வெஸ்டருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போடவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

போய்விட்டார். மறுபடி அந்த மேடைக்குத்தான். நிக்கோல் ஏர்போர்ட் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். காற்றாலைக் கம்பெனியில் அவருக்கு மேலே இருக்கிற ஸ்ரீஹர்ஷா என்கிற பையன் விடவே மாட்டேன் என்றானாம். கியர்பாக்ஸ் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிற ஆள் கிடைப்பதில்லை, பதினாலு நாள் லீவில் சித்ரதுர்கா சைட்டுக்காவது வாங்க சார் என்று கேட்டிருக்கிறான். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 15, திங்கள்

மத்தியானம் வந்தார். குளித்தார், சாப்பிட்டார். "நாளைக்குக் காலைல சித்ரதுர்கா," என்றார். துணிகளைத் துவைத்துக் கொடுத்தேன். மழை, காயவில்லை. ஈரத்தோடு இஸ்திரி போட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பதினாலு நாள் கடல், பதினாலு நாள் காற்று. எது தீர்ந்தாலும் எது வளர்ந்தாலும் என் புருஷனுக்கு வேலை உண்டு என்று ஸ்டாஃப் ரூமில் சொல்கிறார்கள். பெருமையாக இருக்கும் இல்லையா மிஸ், என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கடலிலிருந்து போன். நிக்கோலோடு பத்து நிமிஷம். அப்புறம் என்னோடு.

"நல்லா இருக்கியா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "வேணாம், நீ சொல்லாத. சொன்னாலும் எனக்கு எது நெசம்னு தெரியாது. உன்கூடச் சேர்ந்து மறைச்சவர்தான், ஆனாலும் உங்க அண்ணன்கிட்டயே கேட்டுக்கறேன்," என்றார்.

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன். "அவர் கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லுங்கண்ணா. நான் நல்லா இல்ல. தூக்கம் இல்ல, சோறு எறங்கல, கிளாஸ்ல நிக்கும்போதே கண்ணு தளும்புது. கோவம் இருந்தா வீட்ல இருந்து கோவிச்சுக்கட்டும். சித்ரதுர்கா போக வேணாம், நேரா வரச் சொல்லுங்க. கெஞ்சிக் கேட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்மா," என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

நாளைக்குக் கரைக்கு வருகிறார். மீன் வாங்கி வைத்திருக்கிறேன், அவருக்குப் பிடித்த சங்கரா. பூசைக்குப் போனபோது வாசலிலேயே அண்ணனைப் பிடித்துக் கேட்டேன், அவர் போன் செய்தாரா என்று.

"செஞ்சானே, வியாழக்கிழமை. எடுத்த உடனே உன்னப் பத்திதான் கேட்டான். பாவம், கொரலே சரியில்ல."

"என்ன சொன்னீங்க?"

"கடல்ல இருக்கிறவன்கிட்ட போய் நீ சொன்னதையெல்லாம் சொல்ல முடியுமாம்மா? மெஷின்கிட்ட நிக்கிறவன். தங்கச்சி ஜம்முனு இருக்கா, நல்லா சாப்பிடறா, கவலையே படாதேன்னு சொன்னேன். அப்புறம், 'சரி மச்சான், நான் இல்லாமலே நல்லா இருக்கா, மும்பையிலேர்ந்து நேரா சித்ரதுர்காவுக்கே போயிடறேன்'ன்னான்."

பூசை மணி அடித்தது. அண்ணனும் நானும் உள்ளே போய் உட்கார்ந்தோம்.