சம்பந்தி வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது

துறைமங்கலம்,
பெரம்பலூர்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் முத்தமிழுக்கு உன் பெரியப்பா குருநாதன் எழுதுவது. இங்க நானும் உன் பெரியம்மா பொன்னம்மாளும் ஆடு மாடு வெங்காயக் கொல்லை உட்பட சவுக்கியமா இருக்கோம், அங்க ஆஸ்திரேலியாவுல நீயும் மாப்பிள்ளை மகேஷும் பாப்பாவும் எங்களை விட ஒரு படி மேலயே சவுக்கியமா இருக்கணும்னு சிறுவாச்சூர் மதுரகாளிகிட்ட வெள்ளிக்கிழமை தவறாம சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். மூஞ்சியப் பாத்துப் போன் பேசற காலத்துல பெரியப்பா எதுக்குக் கடுதாசி எழுதறார்னு நீ நெனைப்ப. நீ போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு அடுப்படியில நிக்கற, பக்கத்துல மாப்பிள்ளை இருக்கார், நான் எழுதப் போறது அவங்க அப்பாவைப் பத்தி. அதனால இதை நீ மட்டும் படி. எட்டாவதுதான் படிச்சிருக்கேன்னாலும் அந்தக் காலத்து எட்டாவது, இந்தக் காலத்து கலெக்டர் படிப்புக்குச் சமம், எழுத்து புரியும்.

இந்த வருஷம் சின்ன வெங்காயம் நல்லா எறங்கியிருக்கு, ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழம் அத்தனை, பாக்க வந்த அதிகாரி இது வெங்காயமா வேற ஏதாவதான்னு கேட்டுட்டுப் போனார். உன் பெரியம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. செவலைப் பசு கன்னு போட்டிருக்கு. இதெல்லாம் இருக்கட்டும், விஷயத்துக்கு வரேன். போன மாசம் பேசினப்ப, நாங்க திருச்சி ஏர்போர்ட்டுல எறங்கற அன்னைக்கு மாமா அவர் கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன்னுட்டார், நீங்க வெயில்ல அலைய வேணாம் பெரியப்பான்னு சாதாரணமா சொல்லிட்ட. நானும் சரி தங்கம்னு சொல்லி வச்சுட்டேன். வச்சுட்டுப் போய் உக்காந்தேன், சோறு எறங்கல. நாலு வருஷங் கழிச்சு வர்ற என் புள்ளையையும், இன்னும் நேர்ல பாக்காத என் பேத்தியையும் அவர் வண்டியில ஏத்திக்கிட்டு நேரா அரியலூருக்குப் போவாராம், நான் அப்புறமா பஸ் புடிச்சுப் போய்ப் பாக்கணுமாம். அரியலூர்க்காரங்களுக்கு, நமக்கு இல்லாத ரயில் இருக்குன்னு ஏற்கனவே ஒரு மெதப்பு, இப்ப இந்தக் கார் வேற.

அந்தக் காரை நீ போட்டோவுலதான் பாத்திருப்ப. உன் மாமனார் அரங்கநாதன் சிமெண்ட் ஃபேக்டரியில முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், பேசாம ஒரு இன்னோவா வாங்கியிருக்கலாம். சென்னையில யாரோ டாக்டர் வச்சிருந்த ஜெர்மன்காரன் வண்டியைப் போய்ப் புடிச்சுட்டு வந்திருக்கார், பதினெட்டு வருஷப் பழசு, ரெண்டே கதவு, ஆறு சிலிண்டர், கருநீலக் கலரு, தரையில படுத்துக்கிட்டு இருக்கற மாதிரி ஒரு தோரணை. மொத மொத நம்ம வூட்டுக்கு ஓட்டிட்டு வந்தப்ப நாப்பது பேர் கூடிட்டாங்க, சாயங்காலம் எண்ணினப்ப எரநூறுக்குக் கொறையாது. அன்னைக்குக் காலையிலதான் என் புது போர்வெல்ல ஆளுயரத்துக்குத் தண்ணி பீச்சுச்சு, அதைப் பாக்க ஒரு ஈ காக்கா வரல. உன் பெரியம்மா அந்தக் கார்ல நாலு ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, தொட்டில்ல உக்காந்த மாதிரி இருக்குங்கன்னு என் முன்னாடியே சொல்றா. முப்பத்தெட்டு வருஷமா என் வண்டியில உக்காந்தவ, ஒரு நாள் தொட்டில்னு சொன்னதில்ல.

எனக்கு வண்டின்னா தெரியாததா. எண்பத்தொம்பதுல நான் லாரி ஓட்டினப்ப டேங்க்கைத் தட்டிப் பாத்தே எத்தனை லிட்டர் கெடக்குன்னு சொல்லுவேன், ஒரு தடவை துறையூர்ல இருந்து இங்க வரைக்கும் டீசல் வாசனையிலயே ஓட்டிட்டு வந்தவன். நம்ம ஆம்னி வேன் இன்னைக்கும் லிட்டருக்கு இருபத்திரெண்டு கொடுக்குது, கம்பெனிக்காரனே நம்ப மாட்டான். அதனால நீ போன் பண்ணின பிறகு அவர் மறுபடி நம்ம வூட்டுக்கு வந்தப்ப, நான் ஒண்ணுந் தெரியாதவன் மாதிரி, சம்பந்தி, வண்டி என்ன மைலேஜ் கொடுக்குதுன்னு கேட்டேன். பதினொன்னு கொடுக்குதுங்க சம்பந்தின்னார், கண்ணு கூட இமைக்கல. ஆறு சிலிண்டர், மூணு லிட்டர் இன்ஜின், எத்தனால் கலந்த பெட்ரோலு, பதினொன்னாம். அஞ்சு கொடுத்தா அதிகம், கைப்புள்ளையை வச்சுக்கிட்டு பாதி வழியில நின்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அப்ப கூட இருந்த வெங்காய மண்டிக்காரர் குழந்தைவேலு, எதுக்கு வாய்ச்சண்டை, அளந்து பாத்துடுங்கன்னார். அப்படியே பேச்சாயிடுச்சு. பத்தும் பத்துக்கு மேலயும் கொடுத்தா ஏர்போர்ட்டுக்கு அவர் கார், பத்துக்குக் கொறைஞ்சா என் ஆம்னி. அவரும் ஒத்துக்கிட்டார்.

அடுத்த புதன்கிழமை நாலு ரோட்டுக்கிட்ட ஒரு பங்க்குல, பைப்பு டக்குனு தானா நிக்கற வரைக்கும் பெட்ரோல் போட்டோம். இங்கேருந்து அரியலூர் போயிட்டுத் திரும்பணும், அப்படியே ஹைவேயில பாடாலூர் போயிட்டு வரணும், அதே பங்க்குல அதே மாதிரி மறுபடி ரொப்பினா எவ்வளவு குடிச்சிருக்குன்னு தெரிஞ்சுடும். குழந்தைவேலு சாட்சி, பங்க்குலயே உக்காந்துட்டார். நான் முன்சீட்டுல. அப்பதான் பின்னால திரும்பிப் பாத்தேன். கொழந்தைங்களை உக்கார வைக்கற சீட்டு ஒண்ணு, புத்தம் புதுசு, மான் படம் போட்டது, அதை மாட்டி வச்சிருக்கார். அதுல பத்து கிலோ அரிசிப் பை ஒண்ணு பெல்ட்டு போட்டு உக்காந்திருக்கு. என்ன சம்பந்தி, அரிசிக்கெல்லாம் பெல்ட்டா, உங்க ஊர்ல போலீஸ் அவ்வளவு கெடுபிடியான்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டு வண்டியைக் கெளப்பினார். என் ஆம்னியில வெங்காய மூட்டைதான் இருக்கு, இப்படி ஒண்ணு வாங்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே.

அரியலூர் ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரிங்க பின்னாடி ஊந்து ஊந்து போனோம். ஏசியை முழுசா வையுங்க சம்பந்தின்னேன், வச்சார். ஹைவே ஏறினதும் முன்னால போற பஸ்ஸை ஒரு கை பாருங்கன்னேன், பாத்தார். சிறுவாச்சூர் தாண்டறப்ப கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, ஆத்தா இந்த வண்டி நல்லாக் குடிக்கணும்னு வேண்டிக்கிட்டேன், வேற எதுக்கும் இவ்வளவு உருக்கமா வேண்டினதில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், நூத்திப் பத்துல போறப்ப உள்ள ஒரு சத்தம் வருது தங்கம், வயிறு நெறைஞ்ச பூனை மடியில படுத்துக்கிட்டு உறுமற மாதிரி. பாடாலூர்ல டீ வாங்கிக் கார்லயே குடிச்சுக்கிட்டு வந்தேன், ஒரு சொட்டு சட்டையில சிந்தல. அவர் ரெண்டு கையாலயும் ஸ்டீரிங்கைப் புடிச்சு, கோயில் தேரை ஓட்டற மாதிரி ஓட்டறார். என் வாழ்க்கையில அப்படி ஒரு வண்டி எனக்கு வாய்க்கலையேன்னு நெனைச்சேன், நெனைச்சதும் அந்த மான் படம் போட்ட சீட்டு ஞாபகம் வந்துடுச்சு.

பங்க்குக்கு வந்தப்ப தொண்ணூத்தெட்டு கிலோமீட்டர் காட்டுச்சு. அவர் முட்டி வலியோட எறங்கி, முகம் கழுவிட்டு வரேன்னு போனார். குழந்தைவேலு போன்ல மண்டிக்கு ஏதோ கத்திக்கிட்டு இருந்தார். நான் கிட்ட நின்னேன். பைப்பு டக்குனு நின்னப்ப மீட்டர்ல ஒம்பதரை லிட்டரும் சொச்சமும். மனக்கணக்குல எனக்கு வேகம் ஜாஸ்தி, பத்தே கால் வருது. நான் தோத்துட்டேன். அப்ப என்ன பண்ணினேன்னா, பங்க்குப் பையன்கிட்ட இன்னும் போடுப்பான்னு சொல்லிட்டு, வண்டியோட பின்பக்கத்தைப் புடிச்சு ஆட்டினேன். லாரி ஓட்டின காலத்துல கத்துக்கிட்டது, ஆட்ட ஆட்ட உள்ள இருக்கற காத்து வெளிய வரும், எண்ணெய் எடம் புடிச்சுக்கும். ஆட்டினேன், போட்டான், ஆட்டினேன், போட்டான். கழுத்து வரைக்கும் ததும்பி நின்னப்ப பதினஞ்சு லிட்டர். சம்பந்தி துண்டால முகத்தைத் தொடைச்சுக்கிட்டு வந்தார். குழந்தைவேலு செல்போன்ல கணக்குப் போட்டு, ஆறரைன்னு தீர்ப்பு சொல்லிட்டார். உன் மாமனார் மீட்டரையும் பாத்தார், வண்டியையும் பாத்தார். சண்டை போடுவார்னு நான் தயாரா நின்னேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சரிங்க சம்பந்தி. புள்ளைங்களை நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க."

நான் ஜெயிச்சேன். அன்னைக்கே மண்டியில, டீக்கடையில, எல்லாருக்கும் சொன்னேன், சொல்லச் சொல்ல ஆறரை அஞ்சாச்சு, கடைசியில நாலரைக்கு வந்துடுச்சு. நாலு நாள் கழிச்சு உன் மாமியார் வெற்றிச்செல்வி அம்மா பெரியம்மாவுக்குப் போன் பண்ணினாங்க. அவர் வண்டியை வெளியில எடுக்கறதே இல்லையாம், யாராவது கேட்டா கொடுத்துடலாம்னு புரோக்கர்கிட்ட சொல்லி வச்சிருக்காராம். அப்பதான் அந்த அரிசிப் பை விஷயமும் தெரிஞ்சுது. பாப்பாவுக்குப் பத்து கிலோ எடைன்னு நீ என்னைக்கோ போன்ல சொன்னியாம். ரெண்டு கதவு வண்டி, பின்சீட்டுக்குக் குனிஞ்சு போகணும், அவருக்கோ முட்டி மடங்காது. அதனால பத்து கிலோ அரிசியைத் தூக்கித் தூக்கி உள்ள உக்கார வச்சு, பெல்ட்டு போட்டுக் கழட்டி, பழகியிருக்கார். அதை உக்கார வச்சுக்கிட்டே திருச்சி ஏர்போர்ட்டுக்கு மூணு தடவை போயிட்டு வந்திருக்கார், எந்த எடத்துல வேகத்தடை இருக்கு, எங்க மெதுவாப் போகணும்னு பாக்கறதுக்கு. உன் பெரியம்மா இதைச் சொல்லிட்டு என் மூஞ்சியவே பாத்தா. எனக்குக் கொல்லையில வேலை இருக்குன்னு எழுந்து போயிட்டேன். அப்ப கூட எனக்கு முதல்ல வந்தது பொறாமைதான், பொய் சொல்ல மாட்டேன். இதுல கூட அந்த மனுஷன் என்னை முந்திட்டாரேன்னு.

முந்தாநாள் அரியலூர் போனேன். உண்மையைச் சொல்லிடணும்னு பஸ்ஸுல பூராவும் ஒத்திகை பாத்துக்கிட்டே போனேன். வண்டிக்கு உறை போட்டு மூடியிருக்கு, அந்தச் சீட்டு கழட்டி வராண்டாவுல கெடக்கு, மேல அன்னைக்குப் பேப்பர். காப்பி கொடுத்தாங்க, குடிச்சேன். வாய் வரல. பெரம்பலூர் வட்டாரத்துலயே என் அளவுக்குப் பேசக் கூடியவன் கெடையாது, உனக்கே தெரியும், எனக்கு வாய் வரல. எழுந்து அந்தச் சீட்டைத் தூக்கிட்டுப் போய் உறையை விலக்கி உள்ள வச்சேன். மாட்டத் தெரியல. அவர் பின்னாலயே வந்து, என்ன சம்பந்தின்னார். ஆம்னியில ஏசி இல்லீங்க, பாப்பாவுக்கு வேர்க்கும், குளிர் ஊர்ல பொறந்த புள்ளை, உங்க வண்டியிலயே வரட்டும், நான் பெட்டிங்களை எடுத்துக்கிட்டுப் பின்னால வரேன்னேன். அவர் குனிஞ்சு சீட்டை ஒரு அழுத்து அழுத்தினார், நான் அந்தப் பக்கம் பெல்ட்டை இழுத்துக் கொடுத்தேன். ஒரு வழியா மாட்டி முடிச்சோம். அப்புறம் என் மூஞ்சியப் பாக்காமலே சொன்னார்: "அன்னைக்குப் போட்ட பெட்ரோலுங்க சம்பந்தி. வூட்டுக்கு ஓட்டிட்டு வந்தேன், டேங்க்கு முள்ளு அசையவே இல்ல. அதுக்கு அப்புறம் வண்டி திருந்திடுச்சு போல இருக்கு."

தெரிஞ்சுதான் சொன்னாரா தெரியாம சொன்னாரான்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நான் ஆமாங்கன்னு மட்டும் சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். அதனால தங்கம், நீ அவருக்குப் போன் பண்ணி உங்க கார்லதான் வருவோம் மாமான்னு ஒரு வார்த்தை சொல்லு, புரோக்கரை நிறுத்தச் சொல்லு. வண்டி லிட்டருக்குப் பத்தே கால் கொடுக்குது, இது சத்தியம், நான் கண்ணால பாத்தது. ஆனா பதினொன்னு இல்ல. அவர் பதினொன்னுன்னு சொன்னது சொன்னதுதான், அதை நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. பிளேன்ல பாப்பாவுக்குக் காதுல பஞ்சு வை. நாலு பேரும் நோய் நொடி இல்லாம, கால் வச்ச எடமெல்லாம் வெளங்கி, நூறு வருஷம் இருக்கணும். நாலு பேர்னு எழுதிட்டேன், மூணு பேர்தான், பரவாயில்ல, சீக்கிரம் நாலாகட்டும்.

ஒண்ணே ஒண்ணு மறக்காத. நேத்து திருச்சி மார்க்கெட்டுக்கு வெங்காயம் கொண்டு போனவன், அப்படியே ஏர்போர்ட்டுக்கும் ஒரு நடை போயிட்டு வந்தேன். நீங்க வெளிய வர்ற வாசல்ல இருந்து கார் நிக்கற எடம் வரைக்கும் நடந்து பாத்தேன், எரநூத்திப் பன்னெண்டு தப்படி. அந்தத் தூரம் மட்டும் பாப்பா என் கையில வரணும். உன்னைப் பெத்தவங்க போனப்புறம் உன்னை நான் மொத மொத தூக்கிட்டு வந்தப்ப உனக்கும் இதே வயசு. அதுக்கப்புறம் அவர் சீட்டுல உக்கார வச்சு பெல்ட்டு போட்டுக்கட்டும். நான் மெதுவாத்தான் நடப்பேன், அவசரப்படுத்தக் கூடாதுன்னு உன் மாமனார்கிட்ட முன்னாடியே சொல்லி வை.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த பெரியப்பா
வெ. குருநாதன்