லோஃபர் என்று நீ சொன்ன வார்த்தை

பிரேசர் டவுன், பெங்களூரு

டிரேவருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இருக்கிறோம். டொராண்டோவில் நீ சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், இன்று கேட்க மனம் வரவில்லை.

அப்பாவின் பிறந்தநாளன்று வீடியோவில் வந்து, "அந்த லோஃபர் இன்னும் நம்ம வீட்லதான் சாப்பிட்றானா" என்று கேட்டாயே, அப்போது போனைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? உன் தங்கை லவினாவின் புருஷன் ஹரிஷ்குமார்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, அதனால் அவர் பிடித்திருந்தார். நீ பேசி முடிக்கும்வரை போனைக் கீழே வைக்கவில்லை. பிறகு சாப்பிடாமலே வெளியே போய்விட்டார். பீன்யாவில் அவர் வேலை செய்த ஃபாக்டரியை மூடிவிட்டார்கள், அது அவர் குற்றமா? வேலை தேடி அலைந்துகொண்டே உன் அப்பாவைக் குளிப்பாட்டியவர் அவர்.

லவினா உன்னைக் கேட்டதற்கு, லோஃபர் என்றால் ஷூ, தமாஷுக்குச் சொன்னேன் என்று மெசேஜ் போட்டாய். அதோடு விட்டாயா, ஒரு ஜோடி லோஃபரை ஆன்லைனில் அவர் பெயருக்கே அனுப்பி வைத்தாய். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த எனக்கே அர்த்தம் சொல்கிறாயா? ஷூவுக்கு முன்னால் ஆள்தான் வந்தான். வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறவனுக்குத்தான் முதலில் அந்தப் பெயர், லேஸ் கட்டாமல் காலை நுழைத்துக்கொள்ளும் ஷூவுக்கு அது வெகுகாலம் கழித்து வந்தது. நாடோடியைக் குறிக்கும் ஜெர்மன் வார்த்தையிலிருந்து பிறந்திருக்கலாம் என்கிறார்கள், உறுதியில்லையாம். அப்படியே வைத்துக்கொள், பக்கவாதம் வந்து அப்பா விழுந்த அன்று தேசம் விட்டுத் தேசம் போயிருந்தது யார்? ஷூவை டப்பாவோடு திருப்பி அனுப்பிவிட்டேன்.

லவினாவும் அவரும் தாசரஹள்ளியில் ரூம் எடுத்துப் போய்விட்டார்கள். நேற்று அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போக ஆட்டோவோடு வந்தவர் கேட்டிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டேன். "வேணாம் அத்தை, மாமாவ மெதுவா கூட்டிட்டு வாங்க" என்றார். என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று இனி எழுதாதே. நீயே அவருக்குப் போன் செய். அர்த்தம் விளக்காதே, தப்பு பண்ணிட்டேன் மாப்பிள்ளை என்று தமிழில் சொல். அதைச் சொல்லாமல் கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடுக்காதே. குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். தினமும் ஜெபமாலை முடிந்ததும் அப்பா உன் பெயரைச் சொல்லி ஆசீர்வாதம் கேட்கிறார். நான் பக்கத்தில்தான் முழங்காலில் இருக்கிறேன், அந்த இடம் வரும்போது மட்டும் ஆமென் சொல்வதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
பிலோமினா