தேவராஜ் பெயருக்கு முன்னால்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மூன்று மணிக்கு ஏரிப் பக்கமிருந்து காற்று, நாலு தூறல், அவ்வளவுதான். கடையில் டோனர் தீர்ந்துபோனது. முதலாளி பாய் காஞ்சிபுரம் போய் வாங்கி வரும்வரை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் மன்னிப்பு.

முடித்தவை: காதுகுத்து பேனர் ஒன்று. கண்ணீர் அஞ்சலி இரண்டு (ஒருவர் 'இயற்கை எய்தினார்', மற்றவர் 'இறைவனடி சேர்ந்தார்'. இருவரும் ஒரே தெரு). குடும்ப அட்டையில் பெயர் நீக்க மனு ஒன்று.

நாலரைக்குக் கமலாக்கா. எங்கள் சபை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். கையில் எப்போதும் தாளித்த வாசனை. மகள் ஷீபாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அழைப்பிதழ் வாசகத்தை நோட்டுத் தாளில் எழுதி எடுத்துவந்திருந்தார். 'தேவராஜ் – கமலா தம்பதியரின் மகள்' என்ற வரியில், தேவராஜுக்கு முன்னால் சிவப்பு மையில் ஒரு அம்புக்குறி. அதன் நுனியில் 'லேட்'.

"இது உங்க எழுத்து இல்லையே அக்கா."

"மாப்ளயோட அப்பா எழுத்து. வாலாஜாபாத்ல ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. செவப்புப் பேனா இன்னும் ரிட்டையர் ஆவல."

"போடட்டுமா?"

"தெர்லமா. ஷீபாவும் போடுன்றா. நீ மத்ததெல்லாம் அடி. அந்த எடத்த மட்டும் வுட்டு வை."

விட்டு வைத்தேன். பெயருக்கு முன்னால் ஒரு சொல் அகலத்துக்கு வெற்றிடம்.

தேவராஜ் அண்ணன் கொத்து மேஸ்திரி. ஏழு வருடம் முன்பு, பாலாற்றில் தண்ணீர் போன சமயத்தில், வாலாஜாபாத்துக்கு வேலை பார்க்கப் போகிறேன் என்று காலையில் கிளம்பினார். பாலத்துப் பக்கம் வண்டி கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. போலீஸ் காகிதத்தில் இன்றுவரை 'காணவில்லை'.

ஆகஸ்ட் 13, புதன்

மழை இல்லை. அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. நெத்திலிக் கருவாடு வாங்க மறந்தேன், திட்டு.

ஐந்து மணிக்குப் பெண்கள் ஜெபக்கூட்டம். வேதத்தின் முதல் புத்தகம், ஐந்தாம் அதிகாரம். எப்போதும் நான் தாண்டிப் போகிற பெயர்ப் பட்டியல். பாஸ்டரம்மா வாசிக்கச் சொன்னதால் சத்தமாக வாசித்தேன். இத்தனை வருஷம் உயிரோடிருந்தான், மரித்தான். அடுத்தவன் இத்தனை வருஷம், மரித்தான். வாசிக்க வாசிக்க அந்தக் கடைசிச் சொல்லுக்கு வாய் பழகிவிடுகிறது. ஏழாவதாக ஏனோக்கு. அங்கே அந்தச் சொல் இல்லை. படியிறங்கும்போது ஒரு படி இல்லாததுபோல எனக்கு ஒரு கணம் தடுக்கியது. எட்டுப் பேருக்கு மரித்தான். இவனுக்கு மட்டும் தேவனோடே சஞ்சரித்தான், காணப்படாமல் போனான், தேவன் எடுத்துக்கொண்டார், அவ்வளவே. எழுதியவரின் கை எவ்வளவு அடக்கம். எலியாவுக்கு வந்ததுபோலத் தேர் இல்லை, நெருப்பு இல்லை, ஒரு வரிக்குமேல் ஆசைப்படவில்லை.

பாஸ்டரம்மா: "சாவப் பாக்காதவங்க ரெண்டே பேர். ஏனோக்கு ஒண்ணு, எலியா ஒண்ணு."

ஸ்டெல்லா சித்தி: "ரெண்டும் ஆம்பளைங்க. அதையும் குறிச்சிக்கோங்க."

எல்லோரும் சிரித்தோம். கமலாக்காவும். பிறகு அவர் கேட்டார், "ஏனோக்குக்குப் பொண்டாட்டி இருந்தாங்களா?"

"புள்ளைங்களப் பெத்தாருன்னு கீதே, இல்லாமலா?" என்றார் பாஸ்டரம்மா.

"அப்ப அந்தம்மாவாண்ட யாராச்சும் வந்து சொன்னாங்களா, உன் வூட்டுக்காரர மேல எடுத்துக்கினாங்கனு? இல்ல, சோறு வடிச்சி வச்சிக்கினு ஒக்காந்தே இருந்தாங்களா?"

"உனக்கு எப்பவும் அதே நெனப்பு" என்றார் சித்தி.

"நீ வேற நெனப்பு வாங்கியாந்து குடேன், வச்சிக்கிறேன்."

பாஸ்டரம்மா பாட்டுக்குத் தாவினார். நான் படித்த எந்த விளக்கவுரையிலும் அந்தக் கேள்வியே இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மேகம். மின்சாரம் பதினொன்று முதல் ஒன்றுவரை இல்லை. அந்த நேரத்தில் கடை நோட்டின் பின்பக்கத்தில் எனக்காக எழுதியது. யார் யார் என்ன சொல்கிறார்கள்:

— பெரும்பாலோர்: ஏனோக்கும் எலியாவும் உடலோடு போனார்கள். புதிய ஏற்பாட்டில் ஒரு நிருபமே சொல்கிறது, ஏனோக்கு மரணத்தைக் காணவில்லை என்று.

— மறுப்பவர்கள்: அதே அதிகாரம் சற்றுத் தள்ளி, இவர்கள் எல்லோரும் விசுவாசத்தோடே மரித்தார்கள் என்கிறதே. பரலோகத்துக்கு ஒருவனும் ஏறியதில்லை என்று சுவிசேஷத்தில் இருக்கிறதே. ஆகவே 'எடுத்துக்கொண்டார்' என்றால் வேறிடத்தில் வைத்தார், பிறகு சாதாரணமாகச் செத்திருப்பார்கள். எலியா போன பிற்பாடும் ஒரு ராஜாவுக்கு அவரிடமிருந்து கடிதம் வருகிறது, எங்கிருந்து?

— பழைய சபைப் பிதாக்களில் சிலர்: சாவு தள்ளிவைக்கப்பட்டது, அவ்வளவே. கடைசிக் காலத்தில் இருவரும் சாட்சிகளாகத் திரும்பி வந்து கொல்லப்படுவார்கள்.

— மோசே: மரித்தார் என்றே இருக்கிறது. கல்லறை மட்டும் யாருக்கும் தெரியாது.

— யோவான்: இந்தச் சீஷன் சாகமாட்டான் என்று சகோதரர்களுக்குள் பேச்சுப் பரவியதாம். சுவிசேஷம் நின்று திருத்துகிறது: இயேசு அப்படிச் சொல்லவில்லை, 'நான் வருமளவும் இவன் இருக்க எனக்குச் சித்தமானால்' என்றுதான் சொன்னார். ஒரு 'ஆனால்' விட்டுப்போனதற்கு இவ்வளவு கவனமான பிழைதிருத்தம். எனக்கு மிகப் பிடித்த இடம்.

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டாயிரம் வருடமாக ஒரு சொல் இருப்பதையும் இல்லாததையும் இவ்வளவு பேர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருக்கிறது.

பாய் எட்டிப் பார்த்து, "இன்னாமா, பரிச்சைக்குப் படிக்கிறியா?" விஷயத்தைச் சொன்னேன். "எங்காளுங்கள்லயும் ஒர்த்தர் கீறாரு. இத்ரீஸ் நபி. ஒசரத்துக்குத் தூக்கினான்னு. செத்துட்டுத் தூக்கினானா, அப்டியே தூக்கினானான்னு ஹஜ்ரத்துங்களே பேசிக்கினு கீறாங்க. நீ எந்த மூலைக்கு? நாஷ்டா பண்ணியா?"

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்ததும் கடைக்கு லீவு. கத்தோலிக்கர்களுக்கு மாதா விண்ணேற்புத் திருநாள், காலையில் மணி. அதைப் பற்றி முன்பு படித்ததைத் தேடி எடுத்துப் படித்தேன். ரோமில் அந்தப் போதனையை அறிவித்தபோது, மரியாள் இறந்து எடுத்துக்கொள்ளப்பட்டாரா, இறக்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டாரா என்பதைத் தீர்த்துச் சொல்லவில்லை. மண்ணுலக வாழ்வின் ஓட்டம் நிறைவேறியபின் என்ற பொருளில் ஒரு தொடர். அதற்குள் இரண்டும் அடங்கும். கீழைச் சபைக்காரர்கள் அவர் கண்ணுறங்கினார் என்றே கொண்டாடுகிறார்கள். நான் கத்தோலிக்கப் பெண் இல்லை. ஆனாலும் தினம் வாசகம் அடிக்கிறவள் என்ற முறையில் அந்தத் தொடரை எழுதியவருக்கு ஒரு வணக்கம்.

இதைக் கமலாக்காவுக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஷீபாவே வீட்டுக்கு வந்தாள். ஒரகடத்தில் கம்பெனி வேலை, இன்று லீவு. அம்மா போட்ட காபியைக் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, லேட்னு போட்டுடு. அம்மாவாண்ட நான் சொல்லிக்கிறேன்."

"அம்மா விட்டு வைக்கச் சொன்னாங்க."

"அம்மாவுக்கு இன்னா, ஸ்கூல்ல அடுப்பாண்ட நிக்கிறாங்க. யாரும் கேக்க மாட்டாங்க. நான் சேர்ற எடத்துல எல்லாம் கேக்கறாங்க. அப்பா இன்னா பண்றாருன்னு. இல்லன்னா, எப்ப தவறிட்டாருன்றாங்க. தவறலன்னா, வுட்டுட்டுப் பூட்டாரான்றாங்க. ஏழு வருஷமா இந்த ஒரு பதில எனக்கு முடிக்கவே தெர்லக்கா. லேட்னா ஒரு சொல்லோட முடிஞ்சிரும்."

அவள் சொன்னதில் தவறே இல்லை. நான் சேகரித்த வாதங்களில் ஒன்றுகூட அவளுக்கு உதவாது. மாதா திருநாள் பற்றி வாயே திறக்கவில்லை.

காபி ஆறிப்போய் அப்படியே.

ஆகஸ்ட் 16, சனி

நல்ல மழை, மதியம். கடை வாசலில் முழங்கால்வரை வண்டிச் சேறு.

பேஜார். என் கணினியில் இருந்த ப்ரூஃபை, முடிந்தது என்று நினைத்து, பாய் மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வெற்றிடத்தோடு. நடுவில் நிற்க வேண்டிய வரி, அந்த வெற்றிடம் தள்ளி, தேவராஜ் பெயர் வலப்பக்கம் சாய்ந்தபடி.

அரைமணியில் ஹெட்மாஸ்டர் ஐயாவின் போன். "ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது அம்மா. பரவாயில்லை, திங்கட்கிழமை நானே நேரில் வருகிறேன். சம்பந்தியம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் வேறு எதைப் பற்றியோ, கவனிக்கவில்லை. நான் எலியாவின் அதிகாரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சுழல்காற்றில் அவர் போன பிறகு ஐம்பது பேர் மலையெல்லாம் மூன்று நாள் தேடுகிறார்கள். வேண்டாம் என்று அவருடைய சீஷன் எலிசா சொல்லியும் கேட்கவில்லை. வெறுங்கையோடு திரும்புகிறார்கள். முன்பெல்லாம் அவர்களை மூடர்கள் என்று நினைத்திருக்கிறேன்.

தேவராஜ் அண்ணனையும் ஊர் மூன்று நாள் தேடியது. என் அப்பாவும் போயிருந்தார். செருப்பில் பாலாற்று மணலோடு வந்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வெயில். மூன்று மணிக்கு ஐயா வாலாஜாபாத் பேருந்தில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல்பை. கமலாக்கா சமையல் முடித்து நேராக வந்தார். ஷீபா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து, லேமினேஷன் மிஷின் பக்கமாக நின்றாள். பாய் எல்லோருக்கும் டீ சொன்னார். பிறகு நடந்தது, முடிந்தவரை அப்படியே:

ஐயா: "சம்பந்தியம்மா, தப்பா நினைக்கக் கூடாது. மனுஷனாப் பிறந்தா ஒரு தரம் சாவு உண்டுன்னு வேதமே சொல்லுது."

"உண்டு ஐயா. அவருக்கு வந்துச்சான்னு எனக்குத் தெரியாது."

"ஏழு வருஷம். சட்டமே அதை ஏத்துக்குது."

"விஏஓவாண்ட நானும் கேட்டேன். ஏழு வருஷம் தகவல் இல்லன்னா, செத்ததா வச்சிக்கலாம்னு கோர்ட்டு சொல்லுமாம். நீங்க செத்துட்டாருன்னு எழுதச் சொல்றீங்கோ. நீங்க வாத்தியாரு. வச்சிக்கலாம்ன்றதும் ஆயிட்டாருன்றதும் ஒண்ணா?"

ஐயா டீ டம்ளரை மேசையில் வைத்தார். பாய் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

"அப்போ உங்க வீட்டுக்காரரை ஏனோக்குன்னு நினைக்கிறீங்களா?" கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

கமலாக்கா சிரித்தேவிட்டார். "அவரா? பாதி பிரசங்கத்துல தூங்கற ஆளு ஐயா. டீக்கடைக்குத்தான் சஞ்சரிப்பாரு. அவரு பெரிய ஆளுன்னு நான் சொல்லல. அத எழுதனவரு பெரிய ஆளு. எட்டுப் பேருக்கு மரிச்சான்னு எழுதின கை, காணோம்ன்ற எடத்துல காணோம்னு எழுதிட்டு நின்னுச்சு பாருங்க. எனக்கும் காணோம்னு மட்டும்தான் தெரியும். தெரியாதத என் பொண்ணு கல்யாணப் பத்திரிகைல எப்டி அச்சடிக்கறது?"

இவர் படித்தது எட்டாம் வகுப்பு. நான் நோட்டில் நிரப்பிய பக்கங்களை நினைத்து வெட்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அவர் சொன்னது அந்தப் பட்டியலில் இல்லை.

ஐயா குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் புரியுது. ஆனா கல்யாணத்துல எங்க பக்கம் நானூறு பேர். பெண்ணோட அப்பா எங்கேன்னு ஒவ்வொருத்தரும் கேப்பாங்க. அத்தனை பேருக்கும் நான் என்னம்மா பதில் சொல்றது?"

கமலாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் என்ன கேட்டிருந்தாள் என்று அவருக்கும் தெரியும்.

"என்னாண்ட அனுப்புங்க மாமா" என்றாள் ஷீபா.

"என்னம்மா?"

"கேக்கறவங்கள. என்னாண்ட அனுப்புங்க. நான் சொல்லிக்கிறேன்."

"என்ன சொல்லுவ?"

"எங்கப்பாவக் காணோம்னு."

அந்தப் பதில் முடிந்தது.

நான் வெற்றிடத்தை நீக்கி, வரியை நடுவில் நிறுத்தி, புதிய ப்ரூஃப் எடுத்து மேசையில் வைத்தேன். ஐயா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். கடைசி வரியில் 'வேண்டுமாய் கேட்டுக்கொள்கிறோம்' என்பதில் விட்டுப்போன ஒரு 'க்' சேர்த்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.