தாழ்ப்பாளை விட்டுச் செல்கிறேன்

ஒஹாயோ,
மார்ச், செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய லெனோர் டுவோராக் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி இன்னும் உருகவில்லை.

எங்கள் வரலாற்றுத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகத் தேர்வானவருக்கு, அவருக்கு முன் கடைசியாக வேலையில் சேர்ந்தவர் ஒரு வரவேற்புக் கடிதம் எழுத வேண்டும். வீட்டு வாடகை, குளிர், நல்ல ரொட்டி கிடைக்கும் கடை எல்லாம் அதில் இருக்கும். எனக்கு எழுதியவர் வழுக்காத காலணி வாங்கச் சொல்லியிருந்தார். உங்களுக்கு முன் கடைசியாகச் சேர்ந்தவள் நான்.

என்னை நினைவிருக்கும். நேர்காணலுக்கு வந்தபோது விமான நிலையத்திலிருந்து உங்களைக் காரில் அழைத்து வந்தேன். பாதி வழியில் நிறுத்தச் சொல்லி, அறுவடையான சோளக்காட்டு ஓரம் இறங்கி வாந்தி எடுத்தீர்கள். விமானம் ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். நான் இஞ்சி மிட்டாய் கொடுத்தேன். எதுவும் கேட்கவில்லை. இங்கே எத்தனை வருடமாக இருக்கிறேன் என்று கேட்டீர்கள். எட்டு என்றேன். "அப்ப நீங்க கரையேறிட்டீங்க" என்று சிரித்தீர்கள். சாலை வழுக்கலாக இருந்தது. வேகத்தைக் குறைத்து ஓட்டினேன்.

மாலையில் கட்டடத்தைச் சுற்றிக் காட்டியதும் நான்தான். மூன்றாம் மாடியில் மஞ்சள் நாற்காலி போட்ட அறையைத் திறந்து, இது ஆகஸ்டில் காலியாகும், உங்களுக்குத்தான் என்றேன். அது என் அறை. உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் வேலை என் வேலை.

விதி உங்களுக்கும் தெரியும். சேர்ந்த ஆறாம் ஆண்டில் மூத்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, நம்மை வைத்துக்கொள்ளலாமா என்று வாக்களிப்பார்கள். தேறினால் ஆயுளுக்கும் வேலை. தேறாவிட்டால் வெளியே, ஆனால் உடனே அல்ல. இன்னும் ஒரு வருடம் அதே அறையில் இருந்து, அதே பாடங்களை நடத்திவிட்டுப் போகலாம். அதைக் கருணை என்கிறார்கள். நான் இப்போது அந்தக் கருணையில் இருக்கிறேன். நகலெடுக்கும் அறைக்குள் நுழைந்தால் பேச்சு வானிலைக்கு மாறுகிறது. முடிவு தெரிந்த அன்று என் மேசையில் யாரோ வீட்டில் சுட்ட ஆப்பிள் பலகாரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், பெயர் எழுதாமல். எனக்கு ஆதரவாக வாக்களித்தவரா, எதிராகவா என்று தெரியாமலே என் மகள் ஓப்பலும் நானும் அதைத் தின்று தீர்த்தோம்.

ஓப்பல் என் மூன்றாம் ஆண்டு அக்டோபரில் பிறந்தாள். குழந்தை பெற்றால் வாக்கெடுப்பை ஒரு வருடம் தள்ளிப்போடலாம் என்று பல்கலைக்கழக விதி இருக்கிறது. கேட்டேன், உடனே கொடுத்தார்கள். ஆக, எனக்கு ஏழாம் ஆண்டில் வாக்கெடுத்தார்கள்.

மூடிய அறைக்குள் பேசியதை வெளியே சொல்லக் கூடாது. ஆனாலும் ஜூடித் ஃபைஃபர் என்னிடம் சொன்னார். எனக்கு வழிகாட்டியாகத் துறை நியமித்தவர் அவர்தான், வியாழன்தோறும் தன் வீட்டில் சூப் கொடுப்பார். ஏழு வருடத்தில் எழுதியது ஒரே ஒரு புத்தகம்தானா என்று ஒருவர் கேட்டாராம். அதில் ஒரு வருடத்தைக் கழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையா என்றேன். "சொல்லியிருக்கலாம். நானும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன், கண்ணு. எனக்கு ரெண்டு பிள்ளையும் மே மாசம் பொறந்தாங்க, லீவுல. ஒரு வகுப்பு விட்டதில்ல." பிறகு சூப்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது. உங்களுக்கும் அவரையே வழிகாட்டியாகப் போடப்போகிறார்கள்.

நீங்கள் இன்னும் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்றும், குழந்தை பெறுகிறவர்களுக்கான விதியைப் பற்றி விசாரித்தீர்கள் என்றும் துறைத்தலைவர் ரோஜர் ஆம்ஸ்டட்ஸ் போன வாரம் சொன்னார். "டெஸ், நீயே எழுது. நாம இதுல தாராளம்னு சொல்லு. அந்த வருஷத்த உனக்குத்தானே கொடுத்தோம், உன்ன விட்டா வேற யாரு சாட்சி?" நான் டொலீடோவில் ஒரு சிறிய கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதற்கு அவருடைய சிபாரிசு வேண்டும். அதைக் கேட்டபோது, இது முதலில் முடியட்டும் என்றார். முகத்தில் குரூரம் எதுவும் இல்லை. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

ஆகவே சாட்சி சொல்கிறேன். தாராளம்தான். கேட்டால் கொடுப்பார்கள். கொடுத்ததை மறக்கவும் மாட்டார்கள்.

வீடு பார்ப்பதானால் ஆற்றுக்குக் கிழக்கே பாருங்கள், மேற்கே வசந்தத்தில் வெள்ளம் வரும். நல்ல ரொட்டி இந்த ஊரில் கிடையாது. மாணவர்கள் நல்லவர்கள். முதல் வாரம் உங்களைச் சோதிப்பார்கள், பிறகு தங்கள் கதைகளையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதில் போகும் நேரத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, ஆனாலும் அதுதான் எனக்கு மிஞ்சியது.

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திடுங்கள். உங்களுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை, நீங்கள் கையெழுத்திட்டால்தான் எனக்குச் சிபாரிசு கிடைக்கும். வராமல் இருக்க முடிவு செய்தால் இந்தக் கடிதத்தைக் காரணமாகச் சொல்லிவிடாதீர்கள். வந்தால் அந்த ஒரு வருடத்தைக் கேட்காதீர்கள். பெண்ணுக்குப் பெண் இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று. நம் அறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் இல்லாமல்தான் இருந்தது. ஓப்பலுக்காக நான் தாய்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தபோது ரோஜர் தட்டாமல் திறந்துவிட்டார். மறுநாளே ஒரு தாழ்ப்பாள் வாங்கி நானே பொருத்தினேன். கட்டடத்துக்குச் சேதம் விளைவித்ததாகக் கண்டித்தார்கள். போகும்போது கழற்றிவிட வேண்டுமாம்.

நாற்காலியை எடுத்துப்போகிறேன், புத்தகங்களை எடுத்துப்போகிறேன். தாழ்ப்பாளைக் கழற்றமாட்டேன். செப்டம்பரில் உங்களுக்கு வேண்டியிருக்கும். கொஞ்சம் இறுகும், கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துப் போடுங்கள்.

சுகப்பிரசவம் ஆகட்டும்.

ஆகஸ்ட் வரை உங்கள் அறையில் இருக்கும்,
டெஸ் ஹார்ட்விக்